கறிவேப்பிலைக்கு மேல் உடைந்த விளக்கு

மாமி ஏழு வருடமாக மூன்று கறிவேப்பிலைச் செடிகளைக் காப்பாற்றி வருகிறா. கோடையில் முற்றத்தில் நிற்கும்; ஐப்பசி பிறந்தால் ஸ்காபரோக் குளிருக்குப் பயந்து பேஸ்மென்றுக்கு வந்துவிடும். அங்கே நாலடி ரியூப் லைற்தான் அவற்றுக்குச் சூரியன். மூன்று கிழமைக்கு முன் மேல்தட்டிலிருந்து நான் இழுத்த பெட்டியின் மூலை அதில் பட்டது. கண்ணாடி இலைகளுக்கு மேலேயே கொட்டியது.

"காலிலை குத்தப்போகுது, தள்ளி நில்லுங்கோ தம்பி" என்று மாமி தும்புத்தடியோடு இறங்கினா. பின்னால் மகள் வாக்யூமை இழுத்து வந்தாள். இருவரையும் படியிலேயே மறித்தேன்.

ரியூப் லைற் எரிவது பாதரச ஆவியால். ஊரில் காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீற்றர் உடைந்தால் வெள்ளி மணிகளாக உருண்டோடுமே, அதே பாதரசம். அதை உள்ளங்கையில் உருட்டி விளையாடியிருக்கிறோம், எவரும் தடுக்கவில்லை. தெர்மோமீற்றரில் அரைக் கிராமுக்குக் குறையாது, ரியூப்பில் சில மில்லிகிராம்தான். ஆனால் இந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. தும்புத்தடி தூளைப் பரப்பும். வாக்யூமோ உறிஞ்சியதைத் தன் பின்காற்றோடு அறை முழுக்க ஊதிவிடும்.

முதலில் ஹீற்றரை நிறுத்தினேன். எங்கள் வீட்டில் சுடுகாற்று குழாய் வழியே எல்லா அறைக்கும் போகிறது. ஓடவிட்டால் ஆவியும் கூடப் போகும். அடுத்து யன்னலைத் திறக்க வேண்டும். வெளியே மைனஸ் 18. குளிர்காற்று பட்டால் செடி கருகும். மேலே தூக்கிப்போனால் அதிலுள்ள தூள் சமையலறைக்கு வரும். பூச்சாடிகளைத் தூர மூலைக்கு நகர்த்திவிட்டு யன்னலைத் திறந்து, கதவைச் சாத்தி, 15 நிமிடம் வெளியே நின்றோம்.

பிறகு கையுறை போட்டு, சீரியல் பெட்டி மட்டையால் துண்டுகளை வழித்தெடுத்தேன். பொடியை ஒட்டும் ரேப்பால் ஒற்றி, ஈரக் கடதாசியால் துடைத்தேன். எல்லாம் தகர மூடி போட்ட ஊறுகாய்ப் போத்தலுக்குள் போயின. நல்லகாலம், நிலம் சீமெந்து. கால்துடைக்கும் விரிப்பில் தூள் விழுந்திருந்தது. அதைத் தோய்க்காமல் பையில் கட்டிவிட்டேன்.

மாமி கேட்டது ஒன்றுதான்: "இலையைக் கழுவிப்போட்டுச் சமைக்கேலாதோ?"

இல்லை என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. கண்ணாடிச் சில்லு இலைக்காம்பின் இடுக்கில் நின்றால் எந்தக் கழுவலுக்கும் போகாது. செடி மண்ணிலுள்ள பாதரசத்தை வேரால் மேலே கொண்டுபோவது குறைவு. காற்றிலுள்ள ஆவியை இலை நேரே வாங்கிக்கொள்ளும். நாம் தின்பதும் அந்த இலையைத்தான். அவ்வளவு சிறிய அளவு எங்களை என்ன செய்துவிடும் என்று வாதிடலாம். பேரப்பிள்ளையின் கோப்பையில் வைத்து அதைச் சோதித்துப் பார்க்க நான் தயாரில்லை. மூன்று செடியையும் கொப்பளவுக்கு வெட்டினோம். மேல்மண் இரண்டு அங்குலத்தை அள்ளி மாற்றினோம்.

போத்தலையும் பைகளையும் மீள்சுழற்சிக்கான நீலப் பெட்டியில் போடவில்லை. அபாயக் கழிவு எடுக்கும் நகரசபை நிலையத்தில் கொடுத்தேன். ஸ்காபரோ இருக்கும் இதே ஒன்ராறியோ மாகாணத்தின் வடமேற்கில், டிரைடன் ஆலை 1962க்கும் 1970க்கும் இடையில் ஏறத்தாழ 9 தொன் பாதரசத்தை ஆற்றில் விட்டது. அந்த ஆற்று மீனை உண்ட கிராசி நரோஸ் பூர்வகுடிகள் பலர் இன்னும் நடுங்கும் கைகளோடு இருக்கிறார்கள். என் சில மில்லிகிராமை அதோடு ஒப்பிடவில்லை. ஆனாலும் குப்பையோடு அதை அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

இப்போது எல்ஈடி விளக்கு மாட்டியிருக்கிறேன். அதில் பாதரசம் இல்லை. அதை மாட்டிய அன்றிரவு மாமி சொதிக்குக் கடையில் வாங்கிய காய்ந்த இலையைப் போட்டா. ஒன்றும் சொல்லவில்லை. காலையில் நான் எழும்பியபோது பேஸ்மென்றில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெட்டிய கொப்புகளுக்கு முன்னால் கதிரை போட்டு மாமி இருந்தா.