உள்ளங்கை அளவில் ஒரு கம்ப்யூட்டர்

"ராஸ்பெர்ரி பை வாங்கித் தா என்கிறானே, அது என்ன பழமா, பலகாரமா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்கள். சிரிக்காதீர்கள் சகோதரிகளே, பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் குரூப் எடுத்த பிள்ளை இருக்கிற வீட்டில் எல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. என் மகளும் அதே வகுப்புதான். லேப்டாப் விலை நமக்குக் கட்டாது. கையிலிருந்தது சீட்டு எடுத்த பத்தாயிரம். ராஜபாளையத்தில் நாலு கடை, ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டு கடை ஏறி இறங்கி விசாரித்ததைச் சொல்கிறேன்.

இது ஒரே பலகையில் அடங்கிய கம்ப்யூட்டர். பள்ளிப் பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகட்டும் என்று இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ்காரர்கள் 2012-ல் கொண்டு வந்தது. வீட்டு டி.வி.யில் மாட்டிக்கொள்ளலாம். நம் பாடத்தில் வரும் சி பிளஸ் பிளஸ், பைத்தான் இரண்டும் இதில் ஓடும். அதற்கான சாஃப்ட்வேருக்குக் காசு கிடையாது.

ஆனால் பலகை விலையை மட்டும் கேட்டுவிட்டு வந்தால் போதாது! தோசைக்கல் மட்டும் வாங்கினால் தோசை வந்துவிடுமா? சார்ஜர், மெமரி கார்டு, டி.வி. ஒயர், பெட்டி, கீபோர்டு, மவுஸ் எல்லாம் தனித்தனி. எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினீயரிங் படிக்கும் கொழுந்தனார் மகன்தான் எனக்கு விளக்கினான். "பெரியம்மா, ஜீரோ 2 டபிள்யூ விலை குறைவுதான். ஆனா மெமரி 512 எம்.பி.தான், படிக்கிற பிள்ளைக்குப் பத்தாது. 2023-ல வந்த ஐந்தாம் நம்பர் ரொம்ப வேகம். ஆனா சூடாகும், ஃபேன் வைக்கணும், 5 ஆம்பியர் சார்ஜர் கேட்கும்" என்றான். 2019-ல் வந்த நான்காம் நம்பருக்கு 3 ஆம்பியர் போதும். கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர் அடங்கிய 400 என்று ஒன்றும் உண்டு. அதில் கீபோர்டு செலவும் பெட்டிச் செலவும் மிச்சம். எனக்கு அதன்மேல்தான் ஆசை, ஆனால் நான் போன கடைகளில் இல்லை.

பழைய கம்பெனி கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து விற்கிறார்களே, அதையும் பார்த்தேன். டைப் அடிக்க, பாடம் படிக்க மட்டும் என்றால் அதுவே போதும் என்பேன். எங்கள் வீட்டில் இடமில்லை. தவிர, என் மகளுக்குத் தொட்டிச் செடி காய்ந்தால் விளக்கு எரிகிற மாதிரி செய்ய ஆசை. அதற்குக் கம்பி மாட்ட 40 ஊசிகள் இந்தப் பலகையில்தான் இருக்கின்றன.

ராஜபாளையத்தில் கேமரா, பிரிண்டர் விற்கிற கடைகளில், "ஆர்டர் கொடுத்தால் வரவழைக்கிறோம்" என்றார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் காலேஜ் பிள்ளைகள் புராஜெக்ட் சாமான் வாங்கும் சின்னக் கடையில் நான்காம் நம்பர், 4 ஜி.பி., கையிருப்பிலேயே இருந்தது. தபாலில் வரவழைப்பதைவிட நானூறு ரூபாய் கூடுதல்தான். ஆனாலும் என் கண்ணெதிரே டி.வி.யில் மாட்டி எரியவிட்டுக் காட்டினார், பில்லும் போட்டார். பிறகு ரிப்பேர் என்றால் பஸ் ஏறிப் போய்க் கேட்கலாமே! 2025 கடைசியில் மெமரி விலை ஏறியதில் இதன் விலையும் ஏறிவிட்டது. அதனால் போன வருஷ விலையை நம்பிப் போகாதீர்கள், அன்றன்றைக்கு விசாரியுங்கள்.

டி.வி. ஒயரைக் கேட்டு வாங்குங்கள். நான்காம் நம்பரில் இருப்பது சின்ன வாய், மைக்ரோ எச்.டி.எம்.ஐ. செட்டாப் பாக்ஸ் ஒயர் சேராது. மெமரி கார்டில் போலி நிறைய, ரோட்டோரத்தில் வாங்க வேண்டாம். செல்போன் சார்ஜரைச் செருகினால் பாதியில் நின்று நின்று போகுமாம்.

எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் அடங்கிவிட்டது. டி.வி. எழுத்து பொடியாகத் தெரிவதால் பெரிதாக்கி வைத்திருக்கிறோம். பிள்ளை திரைக்குப் பக்கத்தில் போய் உட்காராமல் இருக்கிறாள். கரண்ட் திடீரென்று போனால் கார்டில் உள்ளது கெட்டுப்போகக் கூடும் என்பதால், எழுதியதை வாரம் ஒருமுறை பென் டிரைவில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.