பாரமான கோலும் பலமான பொய்யும்

பூல் விளையாட்டைப் பற்றி எழுத இவருக்கு என்ன வந்தது என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். உயர்த்தட்டும். ரொறன்ரோவில் வசிக்கும் என் மருமகன் ஒருவர், முதன்முதலாகச் சொந்தக் கோல் வாங்குவதற்காக ஒரு கடைக்குப் போயிருக்கிறார். விற்பனையாளர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஆறடி உயரம், அகன்ற தோள், உங்களுக்கு 21 அவுன்ஸ்தான்” என்று தீர்ப்பளித்தாராம். பந்தை அடிக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. கையைப் பார்க்கவில்லை. செருப்புக்கு அளவெடுப்பவன்கூடக் காலைப் பார்த்துத்தானே அளவெடுக்கிறான்!

பாரமான கோல் பலமான அடியைத் தரும், ஆண்களுக்குப் பாரமானது, பெண்களுக்கு இலேசானது என்ற இந்தச் சூத்திரம் இணையத்திலும் கடைகளிலும் வேதவாக்காக ஓதப்படுகிறது. 1999 ஆம் ஆண்டு கார்டிஃப் நகரில் உலக ஒன்பது பந்துப் பட்டத்தை வென்ற பிலிப்பைன்ஸ் வீரர் எஃப்ரன் ரெயஸ் எப்படிப்பட்ட உடல்வாகு கொண்டவர் என்பதை இந்தச் சூத்திரக்காரர்கள் பார்த்ததில்லையா? மெலிந்த மனிதர். தோள் அகலம் பட்டம் வாங்கித் தருவதாயின் அவர் பார்வையாளர் வரிசையில் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

கணக்கைப் பார்ப்போம். பூல் பந்தின் நிறை ஏறத்தாழ 6 அவுன்ஸ். சந்தையிலுள்ள கோல்களில் பெரும்பாலானவை 18 முதல் 21 அவுன்ஸ் வரையிலானவை. மோதலில் சக்தி வீணாகவில்லை என்று வைத்துக்கொண்டால், 18 அவுன்ஸ் கோல் வெள்ளைப் பந்தைத் தன் வேகத்தின் 1.5 மடங்கில் அனுப்பும். அதே வேகத்தில் வரும் 21 அவுன்ஸ் கோல் 1.56 மடங்கில் அனுப்பும். வித்தியாசம் நூற்றுக்கு நான்குகூட இல்லை. அதுவும் ‘அதே வேகத்தில்’ என்ற நிபந்தனையோடுதான். பாரமான கோலை அதே வேகத்தில் வீசக் கை கூடுதலாக உழைக்க வேண்டும். அது முடியாதபோது வேகம் குறைகிறது, கிடைத்த சொற்ப இலாபமும் போய்விடுகிறது. தொடக்க அடியைப் பலமாக அடிக்க விரும்பும் தேர்ந்த ஆட்டக்காரர்களிற் பலர் இலேசான கோலை நாடுவது இதனாலேயே.

அப்படியானால் நிறைக்கு வேலையே இல்லையா? உண்டு. ஆனால் அந்த வேலை பலத்தைச் சார்ந்ததன்று, நிதானத்தைச் சார்ந்தது. பாரமான கோல் கையின் சிறு நடுக்கங்களை ஓரளவு விழுங்கிவிடும். ஆனால் மெதுவாக அடிக்க வேண்டிய இடத்தில் பந்து எண்ணியதைவிடத் தூரம் ஓடிவிடும். இலேசான கோல் சொன்னபடி கேட்கும். ஆனால் கையின் ஒவ்வொரு பிழையையும் பந்திடம் காட்டிக் கொடுக்கும். நுனித் தோல் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதற்குப் பின்னர் எவ்வளவு உந்தினாலும் பயனில்லை.

கடைக்காரர் வாய்திறக்காத இன்னொரு விடயமும் உண்டு. கோலின் அடிப்பகுதியில் உள்ள றப்பர் மூடியைக் கழற்றினால், பெரும்பாலான கோல்களில் ஒரு மரையாணி இருக்கும். நிறையைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்த ஆணிதான். அது அடிமுனையில் இருப்பதால், கனமான ஆணியைப் போடும்போது கோலின் சமநிலைப் புள்ளியும் பின்னோக்கி நகர்கிறது. நிறையோடு கோலின் குணமும் மாறிவிடுகிறது. ஒரே நிறையுள்ள இரண்டு கோல்களைக் கையிலெடுத்தால் ஒன்று முன்பாரமாகவும் மற்றது பின்பாரமாகவும் தோன்றுவது இதனாலேயே. கோலில் பொறித்த இலக்கத்தை மாத்திரம் பார்த்து வாங்குபவர் பாதி உண்மையைத்தான் வாங்குகிறார்.

உலக பூல் சம்மேளனத்தின் விதியோ 25 அவுன்ஸ் என்ற உச்ச எல்லையை மட்டும் வகுத்துவிட்டு, கீழெல்லை எதையும் வகுக்கவில்லை. விதி தந்த சுதந்திரத்தை விற்பனையாளரிடம் ஏன் ஒப்படைக்க வேண்டும்?

புதியவர் 19 அவுன்ஸில், அதாவது ஏறத்தாழ 540 கிராமில் தொடங்கட்டும். ஆணி மாற்றக்கூடிய கோலாகப் பார்த்து வாங்கட்டும். பிறகு வெள்ளைப் பந்தை எதிர் விளிம்புக்கு அனுப்பி, அது திரும்பிவந்து தன் பக்க விளிம்பை ஒட்டி நிற்கும்படி பத்துத் தடவை அடித்துப் பார்க்கட்டும். தொடர்ந்து கடந்து ஓடினால் அரை அவுன்ஸ் குறைக்கலாம். எட்டாமல் நின்றால் அரை அவுன்ஸ் கூட்டலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சில வாரங்களாவது கொடுக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று ஆணி மாற்றுபவர் கோலைச் சோதிப்பதில்லை, தன்னையே குழப்பிக்கொள்கிறார். பல ஆண்டுகளாக 21 அவுன்ஸோடு நன்றாக ஆடிவருபவர் இதைப் படித்துவிட்டு அதை மாற்ற வேண்டியதில்லை. அவருடைய கை அதற்குப் பழகிவிட்டது.

மருமகனுக்கு இவ்வளவையும் தொலைபேசியில் சொன்னேன். மூடியைக் கழற்றிப் பார்த்தாராம். உள்ளே நீளமான இரும்பு ஆணி. சின்ன ஆணி ஒன்று வாங்கப் போகிறேன் என்றார். வேறு கடைக்குப் போங்கள் என்றேன்.