‘குளூட்டன் ஃப்ரீ’ ஓட்ஸ்... குழந்தைக்குக் கொடுக்கலாமா?

திருப்பூர் மங்கலத்தில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “என் 8 வயது மகளுக்கு சீலியாக் நோய் என்று தெரிந்து 3 மாதம் ஆகிறது. கோதுமை, மைதா, ரவை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட்ட ஓட்ஸ் பாக்கெட் கடையில் கிடைக்கிறது. கொடுக்கலாமா?”

இப்போதைக்கு வேண்டாம். குடல் ஆறிய பிறகு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுத்துப் பார்க்கலாம்.

கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம், இந்த நோய் உள்ளவர்களின் சிறுகுடல் உறிஞ்சிகளைச் சிதைத்துவிடும். சாப்பிடுவது உடம்பில் ஒட்டாது. ரத்தசோகை வரும், குழந்தைகளுக்கு வளர்ச்சியும் தடைபடும்.

ஓட்ஸில் இந்தக் குளூட்டன் இயல்பாகக் கிடையாது. ஆனால் வயலிலும் லாரியிலும் மில்லிலும் கோதுமையோடும் பார்லியோடும் கலந்துவிடுகிறது. கலர் நூல் ஓடிய நிட்டிங் மெஷினைச் சுத்தம் செய்யாமல் வெள்ளை நூல் ஏற்றினால் துணி என்ன ஆகும் என்பது உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதே கதைதான்.

நம் நாட்டு விதிப்படி, ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் 40 கிராம் ஓட்ஸில் 1 மில்லிகிராம்கூட இருக்காது. பெரும்பாலானவர்களை இந்த அளவு பாதிப்பதில்லை. ஆனாலும் தவறு நடக்கலாம். அமெரிக்காவில் 2015-ல், கோதுமை மாவு கலந்துவிட்டதால் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று அச்சிட்ட சுமார் 18 லட்சம் சீரியோஸ் பெட்டிகளை ஜெனரல் மில்ஸ் நிறுவனம் திரும்பப் பெற்றது.

இன்னொரு விஷயமும் உண்டு. ஓட்ஸுக்கே உரிய அவெனின் என்ற புரதம், சீலியாக் உள்ள ஒரு சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பாக்கெட் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அது மாறாது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓட்ஸ் மீது ‘குளூட்டன் ஃப்ரீ’ என்று போடவே அனுமதி இல்லை.

அதனால், மகளின் எடை ஏறி, ரத்தப் பரிசோதனையில் டி.டி.ஜி. அளவு இறங்கட்டும். பிறகு டாக்டர் சரி என்றால், கொஞ்சமாக ஆரம்பியுங்கள். வயிற்றுப்போக்கோ உப்புசமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். குடலில் நடப்பது எப்போதும் வெளியே தெரியாது. மசாலா ஓட்ஸ், மால்ட் சேர்த்தவை வேண்டாம். மால்ட் பெரும்பாலும் பார்லியில் செய்வது.

ஓட்ஸ் இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். இட்லி, கம்மஞ்சோறு, ராகிக் களி, சோள தோசை எதிலும் குளூட்டன் இல்லை. ஆனால் கோதுமை அரைத்த மாவு மில்லிலேயே ராகியையும் அரைத்தால் அதிலும் கலந்துவிடும். கல், மண் பொறுக்கிக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியிலேயே அரையுங்கள். பெருங்காயத்தையும் பார்த்து வாங்குங்கள். பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்த்திருப்பார்கள்.