தடுப்பும் காப்பும்

சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் பெருஞ்சாலை செங்குன்றத்தைக் கடந்து, கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே ஓடி, எளாவூர்ச் சோதனைச் சாவடியை அடைகிறது. அதற்கு அப்பால் ஆரம்பாக்கம். அதனை அடுத்து ஆந்திர மாநிலம். கும்மிடிப்பூண்டியின் சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் உலைகளும் வேறு பல ஆலைகளும் உள்ளன. அவற்றில் உழைப்போருள் பலர் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய தொலைவான இடங்களிலிருந்து வந்தவர். சரக்கு வண்டிகளை நிறுத்திச் சோதிக்க அமைந்த எளாவூர்ச் சாவடி, 2020ஆம் ஆண்டில் மனிதரை நிறுத்தும் வாயிலாயிற்று.

மக்களின் போக்குவரவைத் தடுப்பதே கொடுமை என்று அன்று சிலர் வாதித்தனர். அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. கொரோனா நுண்மி உடலிற் புகுந்தபின் நோய்க்குறி தோன்றப் பெரும்பாலும் 5 அல்லது 6 நாள் ஆகும். சிலருக்கு 14 நாள் வரையும் ஆகலாம். குறி தோன்றுமுன்னரே நோய் பிறரைப் பற்றும். ஆதலின் நலமுடையவனாகத் தோன்றுபவனையும் நிறுத்தி வைக்க நேர்கிறது. இவ்வறிவு புதிதன்று. இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா நகரம், கொள்ளை நோய் பரவிய ஊர்களிலிருந்து வருவோர் நகருக்குள் நுழையுமுன் 30 நாள் வெளியே தங்க வேண்டும் என்று 1377ஆம் ஆண்டிலேயே விதித்தது. பின்னாளில் அது 40 நாளாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே ‘குவாரன்டைன்’ என்னும் பெயர் பிறந்தது.

தடுத்தல் முறையே. ஆயின், தடுக்கப்பட்டவன் என்ன உண்பான், எங்கே உறங்குவான் என்னும் வினா அதனுடன் சேர்ந்தே எழுகிறது. நாடு முழுவதற்குமான ஊரடங்கு 2020 மார்ச் 24ஆம் நாள் இரவு 8 மணிக்கு அறிவிக்கப்பட்டு, அன்று நள்ளிரவே நடைமுறைக்கு வந்தது. இடையே இருந்தவை நான்கு மணி நேரமே. ஆலைகளுட் பெரும்பாலானவை நின்றன. ஆலை நின்றால் நாட்கூலியும் நின்றது. ‘வீட்டிலேயே இருங்கள்’ என்னும் அறிவுரை, வீடு உடையவனுக்குப் பொருந்தும். ஒரே அறையைப் பலர் பங்கிட்டு, முறை வைத்து உறங்கும் தொழிலாளிக்கு அது பொருளற்ற சொல். அவனுக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் வழங்க மாநில அரசு ஏற்பாடு செய்தது உண்மை. அதனைப் பாராட்டவே வேண்டும். ஆயினும் வாடகைக்கும், ஊரில் காத்திருக்கும் பெற்றோர்க்கும் அரிசி விடையாகாது. மே மாதத்தில் சிறப்பு இரயில்கள் ஓடத் தொடங்கிய பின்னரும், இடம் கிடைக்கும் என்னும் நம்பிக்கை இழந்தோர் வடக்கு நோக்கி நடந்தனர். சிலர் மிதிவண்டியில் சென்றனர். அவர்களைச் சட்டத்தை மீறியவர் என்று சொல்வது எளிது. பசியை மீற அவர்களால் இயலவில்லை என்பதே சரி.

அவ்வாண்டு ஜூன் 19 முதல் சென்னையோடு திருவள்ளூர் நகராட்சியும், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர்ப் பேரூராட்சிகளும் மீண்டும் முழு ஊரடங்கிற்குள் வந்தன. மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல ‘இ-பாஸ்’ என்னும் மின் அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. கைப்பேசி அறிந்தவன் விண்ணப்பித்தான். அறியாதவன் பிறர் தயவை நாடினான். நோயோ இவ்விருவரிடையே வேறுபாடு பார்ப்பதில்லை. ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்தோர் அனைவர்க்கும் சீட்டு வழங்கப்பட்டது. செப்டம்பர் முதல் மாநிலத்திற்குள் செல்ல அது வேண்டாததாயிற்று.

தனிமைப்படுத்தலிலும் இத்தகைய பிழை நேர்ந்தது. நோயுற்றோர் வீட்டு வாயிலில் தகரம் அடித்ததும், அறிவிப்பு ஒட்டியதும் அக்கம்பக்கத்தாரை எச்சரிக்கும் நோக்கத்தோடு செய்யப்பட்டவை. ஆனால் தகரத்திற்கு அஞ்சுபவன் சோதனைக்கே வாரான், காய்ச்சலை மறைப்பான். தகுந்த அதிகாரியின் தனி ஆணையின்றி அத்தகைய அறிவிப்புகளை ஒட்டலாகாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. மறைத்தலின் கேட்டை இந்நாடு முன்னரே கண்டிருக்கிறது. 1896இல் பம்பாயில் கொள்ளை நோய் தோன்ற, மறு ஆண்டே தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. புனேயில் வெள்ளைப் படைவீரர் வீடு வீடாக நுழைந்து நோயாளிகளைத் தேடினர். அடுக்களையும் பூசையறையும் அவர்களுக்கு ஒன்றாகவே தோன்றின. மக்கள் நோயாளிகளை ஒளித்தனர். அப்பணியின் தலைவரான ராண்ட் 1897 ஜூன் 22ஆம் நாள் சுடப்பட்டார். கொலை கொலையே, அதற்கு நியாயம் தேட வேண்டுவதில்லை. எனினும், மதிப்பின்றி நடத்தப்பட்ட தடுப்பு நோயைப் பிடிக்கவில்லை என்பதும் மறுக்கவொண்ணாத உண்மை.

தன் பொருட்டன்றிப் பிறர் பொருட்டே ஒருவன் வழியில் நிறுத்தப்படுகிறான். அவ்வாறாயின் அவனுக்குச் சோறிடுவது தருமமன்று, கடன். சாவடியில் நிற்கும் காவலரும் வெயிலில் காய்ந்து, நோய்க்கு அஞ்சாமல் பணி செய்தவரே. அவர் கையில் தடியை மட்டும் கொடுத்து, உணவுப் பொட்டலத்தையும் பேருந்தையும் கொடாமல் அனுப்பியது அவருக்கும் இழைத்த தீங்கு. உச்ச நீதிமன்றம் இக்கடனை ஏற்றது. இடம்பெயர்ந்த தொழிலாளரிடம் பயணக் கட்டணம் பெறலாகாது, உணவும் நீரும் அளிக்க வேண்டும் என்று 2020 மே 28ஆம் நாள் ஆணையிட்டது. சாலையில் நடந்தமைக்காக அவர்கள்மேல் தொடுத்த வழக்குகளைத் திரும்பப் பெறுவது பற்றி எண்ணுமாறு ஜூன் 9ஆம் நாள் பணித்தது. தமிழ்நாட்டில் ஊரடங்கு மீறல் பற்றிய ஏறத்தாழ 10 இலட்சம் வழக்குகள் கைவிடப்படும் என்று 2021 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. காவலரைத் தாக்கியோர்க்கும், பொய் கூறி அனுமதிச் சீட்டுப் பெற்றோர்க்கும் அச்சலுகை இல்லை. அவ்வேறுபாடு மிகச் சரியானது.

கடனை அடைக்க விரும்பினும், அதனை யாருக்கு அடைப்பது? எத்தனை பேர், எந்த ஊரினர், எவ்வறையில் தங்குவோர் என்னும் கணக்கு வேண்டுமன்றோ? பிற மாநிலத் தொழிலாளரை அழைத்து வரும் ஒப்பந்தக்காரர் அவர்களைப் பற்றிய விவரத்தை இரு மாநில அதிகாரிகளுக்கும் அளிக்க வேண்டும் என்று, அன்று நடைமுறையில் இருந்த 1979ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அச்சட்டம் ஏட்டில் உறங்கியது. பதிவை விரைந்து முடிக்குமாறு 2021 ஜூன் 29ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கெடு விதிக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் ‘ஈ-ஷ்ரம்’ பதிவுத் தளம் தொடங்கியது. அதற்குள், வடக்கே நடந்தவர் எளாவூரைக் கடந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.