லட்சுமிக்கு அம்மை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அரியலூரிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். “மாமா, லட்சுமிக்கு அம்மை போட்டிருக்கு.” லட்சுமி அவளுடைய தங்கமீன். பின்னால் அக்காவின் மாமியார் குரல்: “சிறுவாச்சூர் ஆத்தாளுக்கு முடிஞ்சு வைக்கச் சொல்லு, தண்ணியில வேப்பிலை போடு.”

பெரம்பலூரில் பஸ் ஏறி நான் போய்ச் சேர்வதற்குள் கலர் மீன் கடையிலிருந்து மருந்து வந்து தொட்டித் தண்ணீர் நீலமாகியிருந்தது. ஆடு மாட்டுக்குக் கால்நடை மருந்தகம் உண்டு. கலர் மீனுக்கு எங்கள் பக்கம் கடைக்காரர்தான் டாக்டர்.

மீனைக் கண்ணாடியோடு கண் ஒட்டிப் பார்த்தேன். வெள்ளைப் புள்ளிகள் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும், வரிசை பிடித்தாற்போல் இருந்தன. உடம்பில் ஒன்றுமில்லை, வாலில் ஒன்றுமில்லை. நோயாக இருந்தால் உப்பைத் தூவியதுபோல உடம்பெங்கும் கண்டபடி இருக்கும். மீன் கல்லில் போய் உரசிக்கொள்ளும். இது ஆண் தங்கமீனுக்குப் பருவத்தில் வரும் பரு. லட்சுமி ஆண்பிள்ளை.

ஆனால் ஆண்பிள்ளை மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அது நிஜமான நோவு. விசாரித்தால், இரண்டு நாள் முன்பு அக்கா தொட்டியைக் ‘கழுவி’ இருக்கிறாள்: தண்ணீர் முழுவதையும் கொட்டி, பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கசக்கிப் பிழிந்து, பளிச்சென்று. மீன் செவுள் வழியே விடும் அமோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா குடியிருப்பது அந்த அழுக்கு ஸ்பாஞ்சில்தான். அதைக் குழாயில் விட்டாயிற்று. மிச்சமிருந்ததையும் நீல மருந்து விட்டுவைத்திருக்காது.

இதில் எங்கள் ஊர் மண்ணுக்கும் பங்கு உண்டு. சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. காரைப் பக்கத்து ஓடைகளில் சுறாப் பல் கிடைத்திருக்கிறது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை சிமெண்ட் ஆலைகள் வெட்டுகின்றன. அதுவே போர் தண்ணீரில் கரைந்து வந்து குடத்தில் வெள்ளையாகப் படிகிறது. கெட்டியான தண்ணீர் தங்கமீனுக்குப் பிடிக்கும். சிக்கல் அமோனியாவில்: சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது பி.எச்.-ஐ, ஏற்றிவிடும். பி.எச். 7-லிருந்து 8-க்குப் போனால் அமோனியாவில் விஷமாகும் பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு. வெயில் ஏற ஏற இன்னும் கூடும். அக்கா வீட்டுப் போர் தண்ணீர் 8.2 காட்டியது. வேறு ஊரில் மீன் பொறுத்துக்கொள்ளும் அமோனியா, அரியலூரில் சித்திரை மாதம் ஆளைத் தூக்கிவிடும்.

மருந்தில்லாத வைத்தியம்தான். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றினோம், மறுநாளும் அப்படியே. கொள்ளிடம் குடிநீர் என்றால் முதல் நாளே பிடித்து வாளியில் வைத்து குளோரின் போகவிட வேண்டும். இரண்டு நாள் தீனி கிடையாது. ஏர் பம்ப் ராத்திரியும் ஓடியது. மூன்றாம் நாள் லட்சுமி கீழே இறங்கி மணலைக் கிளற ஆரம்பித்தான்.

நிஜமான வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் கல் உப்பு நல்ல மருந்து. லிட்டருக்கு 3 கிராம் வரை, தனியாகக் கரைத்து, ஒரு நாளில் இரண்டு மூன்று தவணையாக ஊற்றலாம். ஒட்டுண்ணி மீனின் தோலுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் எட்டாது. உதிர்ந்து, பெருகி, குஞ்சாக நீந்தும்போதுதான் சாகும். புள்ளி மறைந்த அன்றே குணமாகிவிட்டது என்று விட்டுவிட்டால் அடுத்த அலை வரும். 10 முதல் 14 நாள் உப்பு இருக்கட்டும். தண்ணீர் மாற்றினால், மாற்றிய அளவுக்கு மட்டும் மறுபடி உப்பு. செடி இருந்தால் வேறு தொட்டிக்கு எடுத்துவிடுங்கள், கருகிவிடும்.

எனக்கு ஆத்திரம் வருவது இன்னொரு பழக்கத்தில். மெடிக்கலில் டெட்ராசைக்ளின் வாங்கி, காப்ஸ்யூலை உடைத்துத் தொட்டியில் கொட்டுகிறார்கள். மீன் பிழைத்தாலும் செத்தாலும் அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது, மருந்துக்குப் பழகிய கிருமியோடு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அதற்குப் பதில் ஒரு அமோனியா டெஸ்ட் கிட் வாங்கி வையுங்கள். மீன் சோர்ந்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

பெயரை மாற்ற அக்கா மகள் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னமும் லட்சுமிதான்.