தாவும் நாயும் தாங்கும் உடலும்

நாயின் நன்றியைப் புகழாதார் இலர். அதன் உடலமைப்பை அறிந்து பேணுவாரோ மிகச் சிலர். நாயை விளையாட்டுப் போட்டிக்குப் பழக்கும்பொழுது இவ்வறியாமை பெருந்தீங்காய் முடியும்.

நாய்களுக்குரிய தடைதாண்டும் போட்டி, 1978ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடைபெற்ற கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் முதன்முதலாக நிகழ்த்திக் காட்டப்பெற்றது. குறுக்குக் கம்புகளைத் தாவியும், குழாயினுள் புகுந்து வெளிவந்தும், நட்ட கோல்களினூடே வளைந்து சென்றும் நாய் விரைந்தோடும். உடையவர் உடன் ஓடிக் குரலாலும் கையசைவாலும் வழிகாட்டுவார்.

இவ்விளையாட்டிற்கு அழகினும் உடலுறுதியே இன்றியமையாதது. மனிதனுக்குத் தோளைத் தாங்கக் காறையெலும்பு உண்டு. நாய்க்கோ முன்னங்கால்கள் தசைகளாலேயே உடலோடு பிணைக்கப்பட்டுள்ளன. உடல் எடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பங்கினை அவையே சுமக்கின்றன. பின்னங்கால்கள் உந்தித் தள்ள, தாவிய நாய் தரையில் இறங்குகையில் முழு அதிர்ச்சியையும் முன்னங்கால்களே ஏற்கின்றன. தோள்தசை வலுவற்ற நாயையும் கொழுத்த நாயையும் தாவச் செய்தல் மூட்டுகளுக்குக் கேடாகும். குட்டிகளின் எலும்பு முனைகள் முதிராத குருத்தெலும்பாய் இருத்தலின், அவற்றை உயரத் தாவவிடுதல் கூடாது. 18 மாதம் நிரம்பாத நாய் பன்னாட்டுப் போட்டிகளில் சேர்க்கப்படாமைக்குக் காரணம் இதுவேயாம்.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மாடிக் குடியிருப்புகளில் வளரும் நாய்கள், ஓடியாட இடமின்றிப் பருத்துவிடுதல் இயல்பு. அவற்றிற்கு முதலில் நடை, பின்னர் ஓட்டம், அதன் பின்னரே தாவல் என்னும் முறை வேண்டும். தடவிப் பார்க்குங்கால் விலாவெலும்புகள் கைக்கு எளிதில் தட்டுப்படுதல் நல்லுடலின் அடையாளமாகும்.

சென்னையின் வெப்பமும் கருதத்தக்கது. நாய் மனிதனைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்தே வெப்பத்தைத் தணிக்கின்றது. ஆதலின் அடர்ந்த மயிருடைய குளிர்நாட்டு நாயையும், மூக்குச் சப்பையான நாயையும் கோடை வெயிலில் ஓடவிடுதல் கொடுமையாகும். பெசன்ட் நகர்க் கடற்கரையாயினும் வைகறையே பயிற்சிக்கு ஏற்ற பொழுது.

குறுமயிரும் ஆழ்ந்த மார்பும் ஒடுங்கிய வயிறும் நீண்ட கால்களும் உடைய நம் சிப்பிப்பாறை நாய், வெப்ப நிலத்தில் ஓடுதற்கென்றே அமைந்தது போன்றது. இராசபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை முதலிய நம் நாட்டினங்களைக் காக்கும் பொருட்டு, தமிழக அரசு சென்னைச் சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்றினை நிறுவியது. அயல்நாட்டு நாயின் தோற்றத்தில் மயங்குவோர், அண்மையிலுள்ள இச்செல்வத்தை மறத்தல் நன்றன்று.

"நாய் மகிழ்ந்துதானே ஓடுகின்றது, தடுப்பானேன்?" எனச் சிலர் வினவலாம். உடையவரின் உவகைக்காகத் தன் வலியையும் மறந்து ஓடுவது அதன் இயல்பு. வாய்விட்டு மறுக்க இயலாத உயிரிடம் உழைப்பைக் கேட்போர், அதன் உடல் தாங்கும் அளவையும் தாமே அறிந்திருத்தல் வேண்டும். பரிசு ஒருநாள் பெருமை. நாயின் நலமோ அதன் வாழ்நாள் முழுதும் உடையவர் ஏற்ற பொறுப்பாகும்.