ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பகல் கொள்ளை

மக்களே, இது பழைய வயித்தெரிச்சல். இன்னும் ஆறலை.

2021 பிப்ரவரியில் ஆர்டிஎக்ஸ் 3060 வந்தது. அமெரிக்காவில் 329 டாலர். டாலருக்கு 73 ரூபாய் போட்டு, 18% ஜிஎஸ்டியும் சேர்த்தால் 28,340. என்விடியா நம்மூருக்குச் சொன்ன விலையும் 29,500 தான். சரி, நியாயம்.

ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் எவ்ளோ கேட்டார் தெரியுமா? 55 ஆயிரம்! கூடவே விக்காத பவர் சப்ளை ஒண்ணையும் தலையில கட்டப் பார்த்தார். "ஏண்ணே?"ன்னா, "மைனிங் சார், சரக்கே இல்ல". இல்லாத சரக்கு, கேட்ட காசைக் கொடுத்தா மட்டும் அஞ்சு நிமிஷத்துல எப்படிங்க வருது?

எம்.ஆர்.பி.க்கு மேல வித்தா குற்றமாச்சேங்கறீங்களா? அந்த ஸ்டிக்கரை ஒட்டுறதே இறக்குமதி பண்றவர்தான். பெட்டியில 65 ஆயிரம்னு இருந்தது. ஆக, சட்டப்படி எனக்கு 10 ஆயிரம் தள்ளுபடி!

தட்டுப்பாடு நிஜம்தான், மறுக்கலை. ஆனா 2022 செப்டம்பர்லயே எத்தேரியம் மைனிங்கை மூட்டை கட்டிருச்சு. இந்தப் பழக்கம் மட்டும் போகலை. இப்ப சொல்ற சாக்கு ஏஐ.

முனகிக்கிட்டே கேட்ட விலைக்கு வாங்கற நாமளும் கூட்டுக் களவாணிதான். நான் வெறுங்கையோட வந்துட்டேன். அதே பழைய கார்டுலதான் இன்னைக்கும் ஓட்டறேன். நீங்க?